உமரி எண்ணிய இரண்டு மழைக்காலம்

ஒன்றும் முளைக்காத நிலத்தில் குந்தி உட்கார்ந்து ‘ஒன்றும் முளைக்கவில்லை’ என்று எழுதித் தர ஓர் ஆள் வேண்டும் என்பதும், அந்த ஆளுக்குத் தாவரவியல் பட்டம் வேண்டும் என்பதும் அந்த வேலை கிடைக்கும்வரை எனக்குத் தெரியாது. மின் மீட்டர் பார்க்கிறவர்கள், கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிறவர்கள், அடுத்தவர் சங்கதியை அளந்து எழுதிப் பிழைக்கிற அத்தனை பேரும் என் ஜாதி. நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன், உப்புக் காற்றில் பட்டேன் என்பதுதான் வித்தியாசம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடைசி நெல் வயலுக்கும் கடலுக்கும் நடுவே, களர்மேடு என்று ஒரு காலனி. விவசாயக் கூலிகள் குடியிருக்கும் ஊர். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய உவர்வெளி. ஒரு காலத்தில் அங்கே கடல் தண்ணீர் ஏறி இறங்கும், உமரி என்கிற உப்புக்கீரை தரை தெரியாமல் மண்டிக் கிடக்கும். பிறகு ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றிக் கரை போட்டு இறால் வளர்த்தார். இறாலுக்கு நோய் வந்தது, பின்னாலேயே வழக்கு வந்தது, பண்ணை மூடியது. மிச்சம் இருந்தது செத்த மண்ணும், காலனியின் ஒரே கிணற்றில் ஏறிய உப்பும்தான்.

கரைகளை வெட்டிக் கடலை மறுபடி உள்ளே விட்டுப் பார்ப்பது என்று மேலிடத்தில் முடிவானது. தவணை இரண்டு மழைக்காலம். அதற்குள் யாரும் நடாமல், விதைக்காமல், செடி தானாகத் திரும்பி வந்தால் அது சதுப்பு நிலம் என்று பதிவேட்டில் ஏறும். பிறகு எவருக்கும் குத்தகை கிடையாது. வராவிட்டால் வெறும் தரிசு, மறுபடி இறாலுக்கு விடலாம். பழைய குத்தகைக்காரர் மனுவை முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தார். பண்ணை மூடியபின் மெல்ல உப்புக் குறைந்துவந்த கிணறு, பண்ணை திரும்பி வந்தால் அத்தோடு சரி என்று காலனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிலத்தில் நாற்பது இடங்களில் முளை அடித்து, பிளாஸ்டிக் குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரத்தை வைத்து, அதற்குள் என்ன வந்திருக்கிறது என்று மாதா மாதம் எண்ணி எழுதுவது என் வேலை.

பரம்பு ஓட்டியது

ஆனியில் கரைகளை வெட்டினோம். வேலைக்கு வந்தது காலனி ஆட்கள். அவர்களுக்குத் தலைவி அஞ்சம்மாள் அக்கா. ஐம்பது வயது இருக்கும். இறால் பண்ணை வந்தபோது மறியல் செய்து பதினைந்து நாள் ஜெயிலில் இருந்து வந்தவர். கிணற்றுக்குப் பக்கத்து வீடு அவருடையது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் அடுத்த ஊருக்குக் குடம் தூக்கிப் போய்வந்ததில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று சொல்வார். வெட்டிய மண்ணை அங்கங்கே சிறு மேடாகப் போடுங்கள், பள்ளத்தைத் தூர்க்காதீர்கள் என்று திட்ட அலுவலர் படித்துப் படித்துச் சொன்னார். கடல் தண்ணீரில் மிதந்து வருகிற விதை தங்குவதற்கு மேடு பள்ளம் வேண்டும், மொழுக்கென்று இருந்தால் வந்த விதை வந்த வழியே போய்விடும் என்பது அவர் கணக்கு. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆடிப்பெருக்குக்கு நான் ஊருக்குப் போனேன். எனக்கு ஊர் திருக்காட்டுப்பள்ளி. மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தால் உவர்வெளியில் தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல் ஒரே மட்டமாக நிற்கிறது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்துகிற பரம்புப் பலகையைக் கொண்டுவந்து, மாடு இறங்காது என்பதால் ஆளே இழுத்து, மூலைக்கு மூலை மட்டம் பார்த்திருக்கிறார்கள். கூலி கேட்கவில்லை. நான் இல்லாதபோது செய்து வைத்தால் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வராத குறை. ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு அஞ்சம்மாள் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எனக்காகக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

“மேடும் பள்ளமுமா ஒரு நெலத்தை விட்டுட்டு வந்தா, கூலி வாங்குன கை கூசாதா சார்?”

நாற்பது பூஜ்யம்

ஐப்பசி மழை வந்தது. மழை உப்பைக் கொஞ்சம் கரைக்கும், அந்தச் சமயம் பார்த்துத்தான் உமரி விதை முளைக்கும் என்று படித்திருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம், பண்ணை தொடாத இடத்தில், திட்டுத் திட்டாகப் பச்சை கிளம்பியது. எங்கள் பக்கம் பாசிதான் காய்ந்து அப்பளமாகச் சுருண்டது. விதை வராமல் இல்லை. தண்ணீர் ஏறும்போது சருகோடு சருகாக மிதந்து வருவதைக் கண்ணால் பார்த்தேன். இறங்கும்போது அதே ஒழுங்கோடு வெளியே போவதையும் பார்த்தேன். மட்டமான தரையில் அதற்குப் பிடிமானம் இல்லை.

நாற்பது சதுரம், நாற்பது பூஜ்யம். கார்த்திகையிலும் அதே. மார்கழியிலும் அதே. மூன்று மாத அறிக்கையையும் வரிசையாக வைத்தால் நான் வேலைக்கே போகாமல் எழுதியது மாதிரி இருந்தது. அஞ்சம்மாள் அக்கா தினமும் வேலை முடிந்து கரையோரம் வந்து, “ஏதாச்சும் வந்துச்சா சார்?” என்று கேட்பார். நான் இல்லை என்பேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் என் வேலையை முதல் முறையாக விளக்கமாகச் சொன்னேன். ஏழு மா, அதாவது இரண்டு ஏக்கர் சொச்சம், நிலத்துக்காரர் அவர். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“நாப்பது வருஷமா நானும் களையைப் புடுங்கித்தான்டா போடுறேன். அது வரலையேன்னு சம்பளம் குடுத்து அழுவுற ஊரை இப்பத்தான் கேள்விப்படுறேன்.”

மாசி நடவு

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை போய்ப் பார்த்தால், உவர்வெளியில் பாதிக்கு மேல் பச்சை. ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது: பச்சை வரிசையாக இருந்தது. காலனிப் பெண்கள் முப்பது பேர் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உமரியைப் பிடுங்கி, நாற்று மாதிரி முடி கட்டித் தூக்கி வந்து, கணுக்கால் புதைகிற சேற்றில் இறங்கி, பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து ஒரு பகலில் நடவு நட்டு முடித்திருந்தார்கள். குலவையும் போட்டார்களாம்.

யாரும் எதையும் நடக்கூடாது என்பது நிபந்தனை. நட்டது தெரிந்தால் தவணை முடிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஆனால் பிசைய வேண்டிய வேலையை வெயில் வைக்கவில்லை. வேர் அறுந்த உமரி, மழை ஓய்ந்து உப்பு மேலே ஏறிய மண், பங்குனிக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து இரண்டே வாரத்தில் ஒன்று பாக்கியில்லாமல் கருகியது. கருகிய குச்சிகளும், கல்லாக இறுகிப்போன கால்குழிகளும் மிஞ்சின. மறைக்கலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, குறிப்பேட்டில் ‘உமரி நடப்பட்டது. அனைத்தும் காய்ந்துவிட்டது’ என்று உள்ளதை எழுதினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்; உண்மையில் பயம். மிஞ்சியது ஒன்றுமில்லை என்பதால் திட்ட அலுவலர் தவணையைத் தொடர விட்டார். அஞ்சம்மாள் அக்கா காய்ந்த குச்சி ஒன்றை ஆட்டிப் பார்த்துவிட்டு, இழவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

“எங்க கை பட்டு ஒரு நாத்து சாஞ்சதுன்னு இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல சார்.”

தென்னம்பிள்ளை

நல்ல விஷயம் நடக்கிற இடத்துக்குக் கட்சிக்காரர்கள் கடைசியில் வருவார்கள் என்பது பொய். ஒன்றுமே நடக்காதபோதும் வருவார்கள். வைகாசியில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் ஒரு டிராக்டர் நிறையத் தென்னம்பிள்ளையோடு வந்து இறங்கினார். தலைவர் பெயரால் பசுமை விழா. இது உப்பு நிலம், தென்னை தாங்காது, தவிர இங்கே எதையும் நடக்கூடாது என்று நான் சொன்னதை அவர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு, என்னையும் போட்டோவில் நிற்கச் சொன்னார். உவர்வெளிக்குள் விட மறுத்ததால் கரைமேல் வரிசையாக வைத்தார்கள். மைக்கில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்சிக் கொடி நிறத்தில் மூங்கில் கூடு.

ஆடிக்குள் கூடு மட்டும் நின்றது. எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அந்தக் கூடுகளைப் போட்டோ எடுத்து, ஆட்சியின் லட்சணத்தைப் பாரீர் என்று சுவரொட்டி அடித்து ஒட்டினார்கள். கிளைச் செயலாளர் தனியாக சைக்கிளில் வந்து, கரைமேல் நடந்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். மனுஷர் நிஜமாகவே நொந்துபோயிருந்தார். காலனிக் கிணற்றுக்காக இரண்டு முறை தாசில்தாரிடம் மனு எடுத்துக்கொண்டு போனவர் அவர், அதையும் சொல்ல வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்.

“மனுசனைக் கூடப் பேசி நம்ம பக்கம் இழுத்துரலாம் தம்பி. இந்த மண்ணு அடிமட்டத்துலேந்தே எதிர்க்கட்சி.”

பார்க்காமல் விடுவது

பழைய குத்தகைக்காரரை நான் நேரில் பார்த்ததே இல்லை. அவருடைய மேலாளர்தான் வருவார், வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. புரட்டாசியில் ஒருநாள் மோட்டார் சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார். மிரட்டவில்லை. அப்பா எப்படி இருக்கிறார், அறுவடை எப்படி என்று விசாரித்தார். என் ஒப்பந்தம் தையோடு முடிகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கே வேலை என்று அக்கறையாகக் கேட்டார். பண்ணை திரும்ப வந்தால் படித்த பையன் ஒருவன் அங்கே தேவைப்படுவான் என்றார்.

பொய் எழுத மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே ஆசையும் எட்டிப் பார்த்தது, ஒளிப்பானேன். எனக்குத் தங்கை கல்யாணம் இருந்தது. அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். கோபமே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

“இல்லாததை எழுதுன்னு யாரு தம்பி சொன்னா? இருக்கறதுல கொஞ்சத்தைப் பாக்காம விட்டா போதும்.”

கால்குழி

இரண்டாவது ஐப்பசி. கடைசி மழைக்காலம். மழை விட்ட ஒரு காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் சதுரத்தை நோக்கி நடந்தேன். பழைய கால்குழி ஒன்றில் கால் இடறியது. குனிந்து பார்த்தால் குழிக்குள் சருகு ஒரு கைப்பிடி. சருகுக்குள் கடுகு கடுகாகப் பச்சை. அடுத்த குழியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். மாசியில் முப்பது பெண்கள் பின்பக்கமாக நகர்ந்து போன காலடிகள் கோடைக்குள் இறுகி, ஆயிரக்கணக்கான கிண்ணங்களாக அங்கே காத்துக் கிடந்திருக்கின்றன. மட்டமான தரையில் நிற்காமல் போன விதை அத்தனையும் தண்ணீர் இறங்கும்போது அவற்றில் தங்கிவிட்டது. பரம்பு ஓட்டி மூடிய பள்ளங்களை அவர்களே நடந்து நடந்து திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எண்ணினேன் பாருங்கள், அப்படி நான் எதையும் எண்ணியதில்லை. ஒரு குழியில் முப்பது, ஒரு குழியில் ஐம்பது, எண்ண எண்ணக் கண் பூத்தது. மேலாளர் சொன்ன ‘கொஞ்சம்’ நினைவுக்கு வந்தது, ஒன்றைக்கூட விடவில்லை. மத்தியானம் காலனிக்கு ஓடினேன். சோற்றுக் கையோடு அஞ்சம்மாள் அக்கா என்னோடு வந்து குழிகளின் பக்கத்தில் நின்றார். பிறகு பச்சை வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். சந்தோஷத்தில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“இது செல்வி வரிசை சார், எட்டி எட்டி வச்சிருக்கா பாருங்க. வேலையில எப்பவுமே அவசரம் அவளுக்கு.”

ஆய்வு நாள்

தையில் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் குடை மாதிரி தொப்பி, அதிகம் பேசாதவர். உமரி அதற்குள் ஒரு சாண் வளர்ந்து நுனி சிவக்க ஆரம்பித்திருந்தது. கரைமேல் காலனியே திரண்டு நின்றது. மேலாளரும் வந்திருந்தார். அதிகாரி உவர்வெளியை ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் மாறியது. எங்கிருந்து பார்த்தாலும் அது நடவு வயல்தான். வரிசை அவ்வளவு சுத்தம். “இது நட்டதாச்சே,” என்றார். மேலாளர் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்த என் குறிப்பேட்டின் நகலை நீட்டி, மாசி மாதப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ‘உமரி நடப்பட்டது’ என்பதோடு விரல் நின்றுவிட்டது. அடுத்த வாக்கியத்தை நான் படித்துக் காட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்தார். “நட்டது செத்துருச்சு, இது தானா வந்ததுன்னு வச்சுக்குவோம். ரெண்டும் ஒரே வரிசையில இருக்கு. எதை வச்சு நான் நம்புறது?” நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். சதுரத்துக்கு எத்தனை என்பதுதான் அதில் இருந்தது. எப்படி வந்தது என்பது இல்லை. கிணறு போயிற்று என்று நினைத்தேன், என் எழுத்தாலேயே போயிற்று என்றும் நினைத்தேன்.

அஞ்சம்மாள் அக்கா யாரும் கூப்பிடாமல் கரையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு வேறு கோபம். “ஐயா, இது முளைச்சிருக்கிறது பூராவும் கால்குழியில. கால்குழியில எவளாச்சும் நாத்து வைப்பாளா? நட்ட அன்னைக்கே மெதந்துரும். எட்டு வயசுலேந்து சேத்துல கெடக்குறோம், எங்களை அவ்வளவு கேவலமா நெனச்சுட்டீங்களே.” சொல்லிக்கொண்டே குந்தி, ஒரு குழிக்குப் பக்கத்தில் சேற்றை விரலால் கிளறினார். குழியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, மக்கிப்போன பழைய குச்சி ஒன்று வந்தது. “இதுதான் நாங்க நட்டது. குத்துக்கு ரெண்டு, அளவு வச்சாப்புல. இந்தக் குழிக்குள்ள பாருங்க, முப்பது இருக்கு. ஒரு குத்துல முப்பது நாத்து வச்சா மறுநாள் எவன் எங்களைக் கூப்புடுவான்?” அதிகாரி முட்டி போட்டார். அவரே கிளறினார். பத்து இடத்தில், இருபது இடத்தில். எல்லா இடத்திலும் குழிக்குள் பச்சை, குழிக்கு வெளியே செத்த குச்சி. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, எல்லோர் முன்னாலும் ‘இயற்கையாக முளைத்தவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளரின் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கப்படவில்லை. கிணறு தப்பியது அக்கா, உங்களால் தப்பியது என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது அது என்மேல். ஏழு மா நிலத்துக்காரர் பிள்ளை நான். எங்கள் வயலில் நடவு நடக்கும்போதெல்லாம் நான் வரப்பில்தான் நின்றிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கியதில்லை. அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“அந்த ஐயா பட்டணத்துக்காரரு, தெரியாம கேட்டாரு. காவிரிக்கரை நெல்லைத் தின்னு வளர்ந்த ஆளு நீங்க, கால்குழியில நாத்து வைக்கமாட்டாங்கன்னு கூடவா சார் உங்களுக்குத் தெரியாது?”

அந்தச் செடிகள் மனித உதவி எதுவுமின்றி வந்தவை என்று ஆய்வறிக்கையில் பதிவாகியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த உதவியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் ஒரு வார்த்தை மிகையில்லை.